இரண்டாவது சரணம்

வீரபத்திரனுக்குக் காது கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தது கோதண்டத்தின் தாடிதான். டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், அவ்வளவே.

கோதண்டம் ஆறாம் வகுப்பிலிருந்து அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது தாலுகா ஆபீசில் எழுத்தர். மகளுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தால் திருத்தணி மலையில் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, போன சித்திரையில் ரேசரை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். ஆவணிக்குள் தாடி நெஞ்சைத் தொடப் பார்த்தது. மீசை மேலுதட்டைத் தாண்டி இறங்கி வாயையே மூடிவிட்டது. மீசை இறங்க இறங்கக் கோதண்டத்தின் பேச்சு குழற ஆரம்பித்ததை வீரபத்திரன் கவனித்தான். முதலில் நாலு வார்த்தைக்கு ஒன்று புரியவில்லை. ஆவணி முடிவதற்குள் நாலும் புரியவில்லை.

வீரபத்திரன் பயந்துபோனான். அவனுடைய பெரியப்பாவுக்கும் இப்படித்தான் முதலில் வாய் குழறியது, ஒரு வாரத்தில் வலது கை விழுந்துவிட்டது. நண்பனுக்குப் பக்கவாதம் வந்துகொண்டிருக்கிறது, தெருவில் ஒருத்தர்கூடக் கண்டுகொள்ளவில்லை. சனங்களுக்கு அக்கறை கிடையாது என்று முடிவு செய்து, ஒரு புதன்கிழமை கோதண்டத்தைக் கையோடு ரயிலேற்றி அரக்கோணத்துக்கு, நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனான். கோதண்டம் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் யாரிடமும் எதையும் வேண்டாமென்று சொல்லிப் பழகாதவன்.

டாக்டர் முப்பது வயதுப் பெண். கோதண்டத்தை நாக்கை நீட்டச் சொன்னாள், கையைத் தூக்கச் சொன்னாள், பங்குனியிலிருந்து சித்திரை வரை மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். எல்லாவற்றையும் கோதண்டம் சரியாகச் செய்தான்.

"இவருக்கு ஒண்ணும் இல்லையே. பேச்சு கொழறுதுன்னு யார் சொன்னது?"

"நான்தாம்மா. எனக்குத்தான் தெரியும், நாப்பது வருஷப் பழக்கம்."

டாக்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஜை மேலிருந்த ஃபைலை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"ஆங், சாப்ட்டேம்மா" என்றான் வீரபத்திரன்.

ஃபைல் இறங்கியது. "எந்த ஊருன்னு கேட்டேன்" என்றாள் டாக்டர். கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதே கட்டடத்தின் மாடியில் காதுக்குப் பரிசோதனை நடந்தது. வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது. இடது காதில் அதைவிட மோசம். என்ன வேலை என்று கேட்டார்கள். விசைத்தறி என்றான். எத்தனை வருஷமாக என்று கேட்டார்கள். முப்பத்தைந்து என்றான். அப்படியென்றால் இருபது வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கும் என்றார்கள். இருபது வருஷம் ஒரு மனிதனுக்குத் தன் காது போனது தெரியாமல் இருக்குமா என்று கேட்பவர்கள் விசைத்தறி வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. நாலு தறி ஓடுகிற வீட்டில் யாரும் காதால் கேட்பதில்லை. சோறு ஆயிற்றா, நூல் அறுந்ததா, வாசலில் ஆள் வந்திருக்கிறதா, எல்லாமே வாயசைவுதான். அங்கே பிறந்த குழந்தைகள்கூடப் பால் வேண்டுமென்றால் அம்மா முகத்துக்கு நேராக வந்து நின்றுதான் அழும்.

கொரோனா காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஊரே முகக்கவசம் போட்டதும் வீரபத்திரனுக்கு ஒருத்தர் பேசியதும் புரியவில்லை. மருந்துக் கடைக்காரரிடம், "வாயத் தொறந்து பேசுய்யா" என்று சண்டைக்கே போனான். ஆனால் அந்தத் தெருவில் இருப்பதெல்லாம் தறி வீடு. அன்றைக்கு அங்கே யாருக்கும் யார் பேசியதும் புரியவில்லை. எல்லாரும் சேர்ந்து கொரோனாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, கவசத்தைக் கழற்றியதும் சௌக்கியமாக இருந்தார்கள்.

ஆகவே காது போனது வீரபத்திரனை அதிகம் பாதிக்கவில்லை. வயசானால் ஏதோ ஒன்று போகத்தான் செய்யும். மாடிப்படியில் பாதி இறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அப்படியென்றால், என் பாட்டு?

தன் வாழ்க்கையைப் பற்றி வீரபத்திரனுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு அவன் பாட, பள்ளியின் பழைய ஹார்மோனியத்தில், இரண்டு கட்டை வேலை செய்யாததை ஒதுக்கிவிட்டு, கோதண்டம் வாசிப்பான். பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் பாட்டுக்கு முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். அதோடு ஏறுமுகம் முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு அறுபத்தெட்டு. பாஸாக இன்னும் இரண்டு வேண்டும். ரயில்வே பரீட்சை மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் ரயில்வே அவன் இல்லாமலே ஓடிக்கொள்வதாக முடிவு செய்தது. நைனா இரண்டு விசைத்தறி போட்டார், இவன் அதன் முன்னால் நின்றான். அதற்கப்புறம் நின்றுகொண்டேதான் இருக்கிறான்.

நடுவில் ஏழு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் கல்யாணம் கல்யாணமாகப் பாடினான். சாம்பார் வாளிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் என்று பெயர் வாங்கினான். கீபோர்டுக்காரர் எல்லா வாத்தியமும் ஒன்றிலேயே வருகிற பெட்டி ஒன்றை வாங்கியதும், பெட்டியைத் தவிர மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் மஞ்சள் காமாலை ஒரு வருஷத்தைத் தின்றது. பிரபாவதியோடு கல்யாணம் ஆயிற்று. பையன் பிறந்தான், படித்தான், ஓசூருக்கு வேலைக்குப் போனான். இரண்டு தறி எட்டாயிற்று, எட்டு நாலாயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்பு மாரடைத்து, ரத்தக் குழாயில் ஸ்பிரிங் வைத்தார்கள். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. ஆங்கில வருஷக் கடைசி நாளில் திருத்தணி மலையில் படித் திருவிழா. நாளுக்கு ஒரு படி என்று முன்னூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு எங்கெங்கிருந்தோ பஜனைக் குழுக்கள் ஏறும். அவர்கள் தெருக் குழுவில் முன்பாட்டு வீரபத்திரன், ஹார்மோனியம் கோதண்டம். அவன் ஒரு வரி பாட, பதினோரு பேர் வாங்கிப் பாடுவார்கள். அன்று ஒரு நாள் அவன் தறிக்காரன் இல்லை, நெஞ்சில் ஸ்பிரிங் வைத்தவன் இல்லை, கணக்கில் பெயிலானவன் இல்லை. வாழ்க்கையில் இது ஒன்றையாவது சரியாகச் செய்தோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அதைத்தான் இப்போது மாடிப்படியில் நின்றுகொண்டு சந்தேகப்பட வேண்டியிருந்தது.

ரயிலுக்கு அரை மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் காலி பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"கோதண்டம், உண்மைய சொல்லு. என் பாட்டு எப்பிடி இருக்குது?"

கோதண்டத்தின் மீசை அசைந்தது.

"மீசைய தூக்குடா."

கோதண்டம் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அப்படியே சொன்னான்: "மொத சரணம் வரைக்கும் நல்லா இருக்குது."

"அப்பறம்?"

"ரெண்டாவது சரணத்துல எறங்கிருவ. ரெண்டு கட்டை சுருதில ஆரம்பிப்ப. ரெண்டாவது சரணத்துல ஒண்ணரைக்கு வந்துருவ. முடிக்கறப்ப ஒண்ணு. நானும் கூடவே எறங்கி வந்துருவேன்."

"பின்பாட்டுக்காரங்க?"

"தாடைய ஆட்டுவேன். அவங்களும் எறங்கிருவாங்க."

"எத்தினி வருஷமா நடக்குது இது?"

"ரெண்டாயிரத்து நாலுலேர்ந்து."

"எனக்கு முன்பாட்டு குடுத்ததே மூணுலதானேடா?"

"ஆங். ஒரு வருஷம் நல்லா பாடன" என்றான் கோதண்டம்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் வீரபத்திரன் கோதண்டத்தின் விரல்களையே பார்த்தான். ஹார்மோனியத்தில் ஓடுகிற பாட்டை நடுவில் அரைக் கட்டை இறக்கி வாசிப்பது விளையாட்டில்லை. வெள்ளைக் கட்டை இருந்த இடத்தில் கறுப்பு வரும், எல்லா விரலும் இடம் மாறும், பாட்டோ நிற்காது. அதைக் கோதண்டம் பாட்டுக்கு இரண்டு தடவை செய்திருக்கிறான், இருபத்தொரு வருஷம்.

"ஏன்டா சொல்லல?"

"சொல்லாம இருக்கணும்னு இல்லடா. மொத வருஷம் சளின்னு நெனச்சேன். அடுத்த வருஷம் சொல்லலாம்னு வூட்டுக்கே வந்தேன், அன்னிக்குத்தான் ஒங்க நைனாவ ஆஸ்பத்திரில சேத்திருந்த. அதுக்கடுத்தது காரியமெல்லாம் ஆயி நீ எளச்சி கெடந்த. அப்பறம் பிரபாவதிக்கு ஆபரேஷன். அப்பறம் மோட்டார் எரிஞ்சி ரெண்டு தறி போச்சி." கோதண்டம் கை வலித்து மீசையை விட்டுவிட்டு, மறு கையால் பிடித்துக்கொண்டான். "பதினேழுல நெஞ்சுல ஸ்பிரிங் வெச்சாங்க. அதிர்ச்சியா எதும் சொல்லக்கூடாதுன்னு டாக்டர் எங்கிட்டதான் சொன்னாரு. அதுல மூணு வருஷம் ஓடிச்சி. அப்பறம் கொரோனா."

"பதிமூணுல? பதிமூணுல எனக்கு ஒண்ணும் ஆகலியே."

"ஆகல. அந்த வருஷம் நீ ரொம்ப சந்தோஷமா இருந்த. கட்டம் போட்ட புதுச் சட்ட ஒண்ணு போட்டுகினு வந்த. அன்னிக்கி எப்பிடிடா சொல்றது?"

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் ஒனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. பாத்துகினேதான் இருந்தேன். ஆடி கழியட்டும், சொல்லிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தாடி வளந்திருச்சி."

வீரபத்திரனுக்குக் கோபம் வந்தது. "தாலுகா ஆபீஸ்ல ஃபைல கட்டி வெக்கற மாதிரி என் பாட்டக் கட்டி வெச்சிருக்கறியேடா" என்று கத்தினான். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோபத்துக்குக் கீழே இருந்தது வெட்கம். இருபத்தொரு வருஷம் மலை முழுக்க ஒலிபெருக்கி வைத்துத் தப்பாகப் பாடியிருக்கிறான். கண்ணை மூடி, கையை வேறு மேலே தூக்கிக்கொண்டு. அதை நினைத்தபோது காதெல்லாம் சூடாயிற்று. கேட்காத காதுதான், சூடு மட்டும் தெரிந்தது. ரயில் வந்தது. அவன் ஏறவில்லை. கோதண்டமும் ஏறவில்லை. அடுத்த வண்டியில் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் பிரபாவதியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் நம்பவில்லை.

"காது கேக்கலன்னு யார் சொன்னது பாவா? நான் சொல்றதெல்லாம் கேட்டுகினுதானே இருக்கறீங்க?"

"கேக்கல. பாத்துகினு இருக்கறேன்."

பிரபாவதி யோசித்தாள். "அப்ப நான் அந்தப் பக்கம் திரும்பிகினு திட்டனதெல்லாம்?"

"ஒண்ணுகூட வரல."

"இருபது வருஷமா?"

"இருக்கும்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு உழைப்பு வீணாகப் போயிருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. வீரபத்திரனுக்கு அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

காது மிஷின் வந்து சேர ஐப்பசி ஆயிற்று. போட்ட அன்றைக்குக் குக்கர் விசிலுக்கு எழுந்து நின்றான். தன் செருப்புக்குச் சத்தம் உண்டு என்பது தெரிந்தது. தறிப் பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, மிஷினைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான். இதற்குள்ளேயா இத்தனை வருஷம் இருந்தோம் என்று இருந்தது. பிறகு பிரபாவதியின் போனில் போன வருஷத்துப் படித் திருவிழா வீடியோவைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். பாடுகிறவன் மோசமில்லை. குரல் இருந்தது, பக்தி இருந்தது. இரண்டாவது சரணத்தில், சக்கரத்தில் காற்று இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கினான். கூடவே ஒரு ஹார்மோனியமும் பதினோரு பேரும் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் இறங்கினார்கள். அவனுக்கு அழுகை வந்தது. தப்பாகப் பாடியதற்காக என்றுதான் முதலில் நினைத்தான்.

மறுநாள் கோமளவல்லியைப் போய்ப் பார்த்தான். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், பன்னிரண்டு வருஷமாகப் பின்பாட்டு. இந்த வருஷம் முன்பாட்டு நீ பாடும்மா, நான் ஜால்ரா போடுகிறேன் என்றான். "ஐயோ, வேணாம்ணே, நீங்க இருக்கும்போதா" என்று பதறினாள். அந்தப் பதற்றம் அடங்குவதற்குள், "எத்தினி கட்டைல வெச்சிக்கலாம்ணே?" என்றும் கேட்டுவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் பாடி வைத்திருப்பாள் போலிருக்கிறது.

கோதண்டம் அப்போது ஊரில் இல்லை. மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து, பெங்களூரில் பேரனைத் தூக்கிக்கொண்டிருந்தான். போனில் செய்தி சொன்னபோது, "ஆங், சரி" என்றான். திருவிழாவுக்கு முந்தின நாள் வந்து மலையேறி முடி கொடுத்தான். மறுநாள் காலை மொட்டைத் தலையில் சந்தனமும், வழித்த முகமுமாகப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தபோது வீரபத்திரனுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒத்திகை இல்லை. பாட்டெல்லாம் இருபது வருஷமாகப் பாடுகிற அதே பாட்டுகள்தான், அதற்கென்ன ஒத்திகை?

கோமளவல்லி ஆரம்பித்தாள். கம்பி இழுத்த மாதிரி நேராக நின்றது குரல். வீரபத்திரன் ஜால்ராவைப் போட்டுக்கொண்டு, காலம் போன காலத்தில் கோதண்டத்தின் ஹார்மோனியத்தைக் கேட்டான். பள்ளிக்கூடத்து ஹார்மோனியத்தில் கேட்ட அதே கை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் சின்னதாக ஒரு தயக்கம். அனுமதி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி. அதைத் திரும்பக் கேட்டதில் ஜால்ராவையே ஒரு தட்டு விட்டுவிட்டான். பல்லவி ஆயிற்று. முதல் சரணம் ஆயிற்று.

இரண்டாவது சரணத்தில் கோதண்டத்தின் தாடை ஆடியது. விரலெல்லாம் ஒருசேர நகர்ந்து, ஹார்மோனியம் அரைக் கட்டை இறங்கியது. தாடையைப் பார்த்ததும் பின்பாட்டுக்காரர்கள் பழக்கப்படி இறங்கினார்கள். கோமளவல்லி மட்டும் மேலே தனியாக நின்றாள். ஒரு வரி அப்படியே நின்று பாடினாள். திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பத்துப் பேரும் ஒரு ஹார்மோனியமும் ஒரு பக்கம் இருக்க, நாம் ஒருத்தி சரியாக இருந்து என்ன செய்வது என்று தோன்றியதோ என்னவோ, அவளும் இறங்கினாள். முடிக்கும்போது இன்னும் அரைக் கட்டை.

அடுத்த படியில் அடுத்த பாட்டு. அதே இடத்தில் அதே மாதிரி. வீரபத்திரன் கோதண்டத்தின் முகத்தையே பார்த்தான். அதில் தப்புச் செய்கிறவனின் சங்கடம் எதுவும் இல்லை. கண் மூடியிருந்தது. தான் இறங்குவது அவனுக்குத் தெரியவே இல்லை. கை அதன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து படி ஏறுவதற்குள் வீரபத்திரனுக்கு விஷயம் புரிந்தது. இருபத்தொரு வருஷம் அவன் பின்னாலேயே வந்து வந்து, அவனுக்கு வந்த வியாதி கோதண்டத்தின் விரலுக்குப் போயிருக்கிறது. அதற்கு மிஷின் கிடையாது.

இடைவேளையில் தொன்னையில் பொங்கல் வந்தது. கோதண்டம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எப்பிடிடா இருந்திச்சி? இப்பத்தான் ஒனக்கு கேக்குதே. சொல்லு."

சொல்லிவிடுவது என்றுதான் வீரபத்திரன் இருந்தான். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவனைவிடத் தெரிந்தவர் யார்? இன்றைக்கே, இந்தப் படியிலேயே சொல்லிவிட்டால் அடுத்த வருஷத்துக்குள் சரி செய்துகொள்ளலாம். ஆனாலும் கோதண்டம் இவனுக்குப் பார்த்த நியாயம் ஒன்று உண்டு இல்லையா? அதனால் முதலில் அதைக் கேட்டான்.

"ஒனக்கு இந்த வருஷம் கஷ்டம் ஏதாவது இருக்குதாடா?"

கோதண்டம் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"கஷ்டமா? பேரன் நல்லா இருக்கறான். பொண்ணு நல்லா இருக்குது. சக்கரகூட கொறஞ்சிருக்குது. கஷ்டம்னு சொல்ல ஒண்ணும் இல்லடா." ஒரு வாய் தின்றான். "நீ பாடல. அது ஒண்ணுதான்."

கீழே எந்த ஊர்க் குழுவோ பாடிக்கொண்டு ஏறி வந்தது. அவர்கள் சுருதி சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு சொல்லும் வீரபத்திரனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ரொம்ப நல்லா வாசிச்சடா" என்றான். "அப்பிடியே வாசி."

தொன்னையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, இரண்டு படி மேலே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கோமளவல்லியிடம் போனான். கோதண்டம் பார்க்கிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ரெண்டாவது சரணம் வரும்போது நீயே மொதல்ல கொஞ்சம் எறங்கிக்கம்மா. அவன் ஒன் பின்னாடி வந்துருவான்."